நேரில் பார்த்தால்தான் நம்புவார்

தேன்கனிக்கோட்டைக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு ஓசூர் திரும்பிய அன்று கங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வாசல்வரை வந்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாக விசாரித்திருந்தார். பெற்ற பிள்ளையை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல்முறை. கங்கப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. அப்பாவின் மறதி தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்தார்.

மறுநாளே கம்பெனி டாக்டரிடம் ஓடினார்.

"இதைத் தடுக்க மாத்திரை கிடையாதுங்க. பீடிய விடுங்க, தினம் நாலு கிலோமீட்டர் நடங்க, புதுசா ஏதாவது கத்துக்குங்க. இந்த வயசுலயே ஆரம்பிச்சா பின்னாடி மறதி வர்ற வாய்ப்பு குறையும்."

"நாளையிலேர்ந்து என் காலு ஒரு எடத்துல நிக்காது, சரசா!" என்று மனைவியிடம் சபதம் செய்தார்.

நின்றது. தெருமுனை டீக்கடையில். இரண்டு போண்டா, ஒரு பீடி, ஒரு பேப்பர். பிறகு குழாயடியில் சட்டையை நனைத்து, வியர்வை தயாரித்துக்கொண்டு வீடு திரும்பினார். சரசம்மா சட்டையை முகர்ந்து பார்த்தாள். பீடி வாடைதான் அடித்தது.

கங்கப்பனுக்கு வண்டித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை. போல்ட்டோ, ஊர் வம்போ, தன் கண்ணால் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ண மாட்டார்.

மறுநாள் காலை சரசம்மா ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஏரிக்கரையில நாகம்மாள் மூணு மாடி கட்டறாளாமே?"

"மூணா? அந்த மண்ணு ரெண்டே தாங்காதே!"

"பக்கத்து வீட்டு சாந்தம்மா நாலுங்கறா."

"பாக்காமயே பேசுவீங்களா ரெண்டு பேரும்?" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. "ஓட்டு வீடு! அதுவும் பழசு!" என்று வெற்றியோடு வந்து சேர்ந்தார்.

அடுத்த நாள் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு பலாமரம், காய் வேரிலா கிளையிலா என்று சந்தேகம். அதற்கப்புறம் பாகலூர் ரோட்டில் ஒரு கன்னட போர்டு. கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. பஸ் கண்டக்டர் ஆஞ்சப்பனிடம் மூன்று வாரம் எழுத்துக் கற்றுப் படித்தார். 'நாய் இருக்கிறது' என்றிருந்தது. நாயைக் காணோம். அதைப் பார்க்க இன்னும் நாலு நாள் நடந்தார். பீடி பிடித்தால் மேட்டில் மூச்சு வாங்கியது; அதையும் விட்டுவிட்டார்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் அசந்துபோனார். "பிரஷர் எறங்கியிருக்கு, பீடியும் போச்சு. எப்படிங்க?"

"மன உறுதி சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "போன வாரம் உங்க வீட்டம்மா வந்தாங்க. 'தினம் ஒரு பொய் சொல்லி நடக்க வெச்சேன், இனிமே சொல்ல ஒண்ணுமில்ல, போதுமா டாக்டர்'னு கேட்டாங்க. 'நிறுத்தாதீங்க, தேன்கனிக்கோட்டை ரோடு பாக்கி இருக்கே'ன்னேன்."

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் கங்கப்பன். "அத்தனையும் பொய்யா? என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே, சரசா!"

சரசம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாளைக்கு நீங்க என்னைப் பாத்து 'யாரும்மா நீ'ன்னு கேட்டா, நான் எங்கீங்க போவேன்?"

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே பொய்யெல்லாம் வேணாம். நானே நடக்கறேன்."

"சரிங்க." ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். "தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒரு பசு ரெட்டைக் கன்னு போட்டிருக்குதாம். ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை."

பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்றார்.