நிச்சயதார்த்தத்தில் தானாக ஓடிய படம்

தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவனுக்கு வீட்டில் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. பல்பு மாற்றுவதற்குக்கூட வெளியாளைக் கூப்பிடுவது நல்லது. பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். பட்டது நான் மட்டும் என்றால் வெளியே சொல்லியிருக்கவே மாட்டேன். என் தங்கை ரேவதியின் கல்யாணமே என்னால் நின்றுபோகப் பார்த்தது.

வீடு மண்ணூரில். வேலை ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவில். எங்கள் உற்பத்தி லைன் இரண்டு நிமிடம் நின்றால் ஏன் நின்றது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்றால் மேனேஜர் அறைக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும். அப்படிப் போய் நின்று நின்று, ஓடுகிற எதுவும் நிற்கவே கூடாது என்று ஒரு வெறி எனக்குள் ஏறியிருந்தது. இது போதாதென்று என்னை சேஃப்டி கமிட்டியிலும் போட்டிருந்தார்கள். புதிதாகச் சேரும் பையன்களுக்கு வாரம் ஒரு கிளாஸ் எடுப்பேன்.

இந்த இரண்டு தகுதிகளோடும் ஒரு நாள் எங்கள் வீட்டு ஹாலில் கை வைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீடியா பிளேயரை இறக்கி, டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் போட்டேன். அதை ஹோம் ஆட்டோமேஷனோடு இணைத்தேன். படம் ஓட ஆரம்பித்தால் ஹால் விளக்குகள் அணையும். ஜன்னல் திரைச்சீலைகள் மோட்டாரில் வந்து மூடிக்கொள்ளும். ஃபேன் நின்றுவிடும் (சத்தம் வசனத்தைக் கெடுக்குதாம், துரைக்கு). படம் நின்றால் எல்லாம் பழையபடி திரும்பும். பாட்டு மட்டும் போட்டால் விளக்கு எரியட்டும் என்று ஒரு விலக்கும் எழுதியிருந்தேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

சுவரில் சுவிட்ச் தெரிவதே அசிங்கம் என்று ஹாலில் இருந்த சுவிட்ச் போர்டையும் கழற்றி, வெள்ளைப் பலகை வைத்து மூடினேன். எல்லாம் போனில்தான். அப்பா அன்றைக்கே சொன்னார், கை வைக்க ஏதாவது ஒன்று சுவரில் இருக்கட்டும் என்று. விவசாயம் பார்த்தவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்பாவிடம் இன்னொரு தொந்தரவு. சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று ரிமோட்டைத் தடவி, பாதிப் படத்தில் நிறுத்திவிடுவார். பிறகு ஷிப்ட்டில் இருக்கும் எனக்குப் போன் வரும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். படம் முடிவதற்குள் பிளேயர் நின்றால், யாரோ தெரியாமல் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். எனவே பத்து நொடி பொறுத்து, விட்ட இடத்திலிருந்து அது தானாகவே ஓட வேண்டும். ஒரே ஒரு வரி விதிதான். எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ரேவதிக்கு நாலு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக வந்தவர்தான் சுரேஷ். வாலாஜாபாத்காரர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவரைப் பிடித்திருக்கிறது என்று ரேவதி வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாடினாள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சுரேஷுக்கு அம்மா இல்லை. வளர்த்தது அத்தை. அப்பா பெயர் ஏகாம்பரம், அதிகம் பேசாத மனிதர். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் போனது என்று சுரேஷ் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயம் வைத்தோம். எங்கள் ஹாலிலேயே. மண்டபம் எடுக்கலாம் என்று அம்மா சொன்னதற்கு, இந்த ஹால் இருக்க மண்டபம் எதற்கு என்று கேட்டவன் நான்தான். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் அடித்து வாசலிலேயே ஒட்டியிருந்தேன். வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அதைப் பார்த்துப் போனில் போட்டுக்கொண்டார்கள்.

தட்டு மாற்றும் நேரத்தில் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஐயர் லக்னப் பத்திரிகையைப் படித்து முடிக்கப்போகிறார் என்று கணக்குப் போட்டு, போனில் தட்டினேன். கூரையில் பதித்த ஸ்பீக்கர்களிலிருந்து நாதஸ்வரம் பொழிந்தது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. சுரேஷின் அத்தை மேலே நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெச்சிகீறாங்க" என்றார். என் வாழ்க்கையில் நான் மிக உயரத்தில் இருந்த கணம் அது. மூன்று நிமிடம் நீடித்தது.

ஐயர் ஓர் ஊர்ப் பெயரில் சந்தேகம் வந்து, கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். தட்டு இன்னும் தரையில்தான் இருந்தது. நாதஸ்வரம் முடிந்துவிட்டது. பிளேயரின் பட்டியலில் அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று நான் பார்த்திருக்கவில்லை. முந்தின நாள், கம்பெனி பாதுகாப்பு வாரத்துக்காக எடுத்த ஒரு படத்தை வீட்டில் போட்டுச் சரிபார்த்திருந்தேன். அது அங்கேயே இருந்தது.

விளக்குகள் அணைந்தன. ஃபேன்கள் நின்றன. திரைச்சீலைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடின. நல்ல நேரத்தில், குத்துவிளக்கு ஒன்று மட்டும் எரிய, இருட்டில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் ஒரு பிரஸ் மெஷின் ஓட ஆரம்பித்தது.

போனில் நிறுத்தினேன். விளக்கு வந்தது, ஃபேன் வந்தது, திரைச்சீலை விலகியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் சிரித்தபடி ஏதோ சின்ன விஷயம் என்றேன். பத்து நொடி ஆனது. மறுபடி இருட்டு. படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மெஷின் நின்றுவிட்டிருந்தது, ஆபரேட்டர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி நிறுத்தினேன். வெளிச்சம். மறுபடி இருட்டு. இப்போது ஆபரேட்டர் உள்ளே மாட்டிய தகட்டுத் துண்டை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அடுத்து என்ன வரும் என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் விதியை அழித்தால் தீர்ந்தது. ஆனால் என் போனுக்கு வைஃபை இணைப்பு அறுந்துவிட்டது. வந்த விருந்தாளிகளின் போன்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டதில், வீட்டுக்காரனுக்கு இடமில்லை. டிவியை அணைத்தேன். படம் போனது, கூரையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. அப்பா ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் போட்டிருந்தேன். (நான் செய்ததிலேயே ஒழுங்காகச் செய்த வேலை அதுதான். அதுவும் இப்படி வந்து நின்றது.)

இருட்டில் மெஷின் தடால் என்று இறங்கும் சத்தம் கேட்டது. ஓர் ஆண் அலறினான். அப்புறம் அவன் மனைவி அழத் தொடங்கினாள். கேன்டீனில் வேலை செய்யும் ஓர் அக்காவை நடிக்கச் சொல்லியிருந்தோம். நன்றாக அழ வேண்டும் என்று நானே பக்கத்தில் நின்று சொல்லியிருந்தேன். நன்றாகவே அழுதார். நிச்சயம் நடக்கிற வீட்டில் ஒரு பெண்ணின் ஒப்பாரி நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

கூப்பிட்டால்தான் வெளியே வர வேண்டிய கல்யாணப் பெண், அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கினாள். அழுகை நின்றது. விளக்கு வரவில்லை. படம் ஓடுகிறதா, நின்றதா என்று தெரிந்தால்தானே விளக்கு போடுவதற்கு? பிளேயரே செத்துப்போனால் என்ன செய்வது என்று நான் எழுதியிருக்கவில்லை. கடைசியில் யாரோ எழுந்து திரைச்சீலையை வளையத்தோடு பிய்த்து இறக்கினார்கள்.

வெளிச்சம் வந்தபோது நான் பார்த்தது ஏகாம்பரம் மாமாவை. வலது கையைத் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. யாரையும் பார்க்கவில்லை. அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அத்தைதான் எழுந்தார். "சகுனம் செரியில்ல. நாங்க நாள் பாத்து சொல்றோம்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் போன பிறகு தட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சமையல்காரர் மட்டும் வந்து, பந்தி போடலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் ஒரு போனும் வரவில்லை. அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ரேவதி என்னிடம் பேசவில்லை. பாத்திரம் கழுவும் இடத்திலும் சத்தம் இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரவே கால் வரவில்லை. என் தங்கை வாழ்க்கையை ஒற்றை வரியில் கெடுத்துவிட்டேன் என்று பஸ் ஜன்னலில் சாய்ந்து அழுதிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்து, தன் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்.

பத்தாவது நாள் பிற்பகல், வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஏகாம்பரம் மாமா, தனியாக. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமா உட்காரவில்லை. நேரே என்னைப் பார்த்து, அன்றைக்கு ஓடியதைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்.

வயர்களைச் செருகிப் படத்தைப் போட்டேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நொடியில் அது தானாக ஓடத் தொடங்கியது.

"இதாம்பா" என்றார். "அன்னிக்கி எனக்கும் மெஷின் நின்னுச்சு. பீஸு மாட்டிகினு இருந்துச்சு. எடுக்கலாம்னு கைய வுட்டேன். அது தானா ஓடிச்சு."

நான் படம் அப்படி வந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"படத்துக்கு இன்னா? நல்ல படம். நாலு பேருக்கு போட்டு காட்டு. ஆனா நின்ன மெஷினு தானா ஓடக் கூடாது. அது பிரஸ்ஸா இருந்தா இன்னா, பாட்டுப் பொட்டியா இருந்தா இன்னா. உன் வூட்ல அன்னிக்கி ரெண்டு வாட்டி நின்னு ஓடிச்சு. எனக்கு உயிரே போய் வந்துச்சு."

நான் வாரம் தவறாமல் கிளாஸில் சொல்வது அதே வரிதான். நின்ற இயந்திரம் மனிதன் கை வைக்காமல் மறுபடி ஓடக் கூடாது. போர்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, பையன்களைத் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நேர் எதிராக எழுதியிருக்கிறேன். விரலைப் பறிகொடுத்தவர் வந்து சொல்லும் வரைக்கும் அது என் மண்டையில் ஏறவில்லை. அவமானம் என்றால் என்ன என்பது நிச்சயத்தன்று தெரிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை, இப்போதுதான் தெரிந்தது.

அவர் பக்கத்தில் நிற்கும்போதே அந்த வரியை அழித்தேன். மறுபடி படத்தைப் போட்டு நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பத்து நொடி. இருபது நொடி. அம்மா கொண்டுவந்த டீயை நின்றபடியே குடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். டம்ளர் காலியாகும் வரை அது ஓடவில்லை. அப்போதுதான் உட்கார்ந்தார். போனை எடுத்து அத்தையிடம், "செரி பண்ணிட்டான். வியாழக்கிழம தட்டு எடுத்துகினு வந்துரலாம்" என்றார். அறைக்குள் ரேவதி விசும்புவது கேட்டது. நானும் சமையலறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று மச்சானுக்கு மரியாதை என்று வேட்டி, துண்டு வைத்த தட்டை மாமா என்னிடம் நீட்டினார். வேட்டிக்கு மேல் ஒரு மஞ்சள் பெட்டி, அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன். எமர்ஜென்சி ஸ்டாப். மண்டபமே பார்க்க அதைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

விளக்கும் ஃபேனும் இப்போது எல்லோர் வீட்டையும் போல சுவரில் சுவிட்சில்தான் ஓடுகின்றன. அந்தச் சிவப்புப் பட்டன் ஹால் நடுவில், என் பிளேயரை மட்டும் நிறுத்துவதற்கு. ஆனால் எங்கள் வீட்டார் அதைப் பயன்படுத்துவது எனக்குத்தான். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய் அழுத்திவிடுவார். நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அழுத்தியவரே திருப்பி விடுவிக்கும் வரை வேறு யாரும் தொடக் கூடாது. கம்பெனி விதி அது. கிளாஸில் நானே சொல்வது.

போன மாதம் மாமா வந்திருந்தார். வாசலுக்கு ஒரு கேமரா வைக்கலாமா என்று வாயைத் திறந்தேன். எழுந்துபோய் அழுத்தினார். பிறகு சாப்பிட்டார், ரேவதி பெற்ற பேத்தியைப் பற்றிப் பேசினார், மொபெட்டை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார். பட்டனைத் திருப்பவே இல்லை. சாயங்காலம் அவருக்குப் போன் செய்து, மறந்துவிட்டீர்களே மாமா, நானே திருப்பிக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டேன்.

"மறக்கலப்பா. உங்கம்மாவ கேட்டேன், வூடு அமைதியா கீதாம். அடுத்த மாசம் வர்றேன்" என்றார்.