வேங்கைக்கு வேறு முகம்

போஸ்டரைப் பிரித்த தியேட்டர் மானேஜர் அருணகிரி அதை அப்படியே மறுபடி சுருட்டினார். 'இன்ஸ்பெக்டர் வேங்கை' மூன்றாம் பாகம். அதே காக்கி, அதே முறுக்கு மீசை. முகம் மட்டும் வேறு.

"வேணுங்கற புது நடிகராம் சார்," என்றாள் டிக்கெட் கொடுக்கும் சரோஜா. "சக்கரவர்த்தி சம்பளம் ஜாஸ்தி கேட்டாராம்."

முதல் இரண்டு படத்திலும் சக்கரவர்த்திதான் வேங்கை. திருவண்ணாமலையில் அவருக்கு ரசிகர் மன்றமே இருந்தது. தலைவன் வேடியப்பன், பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடைக்காரன், காலையிலேயே வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தான்.

"ஆள மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நெஜமா இருந்தா ஸ்கிரீன் இருக்காது சார்."

முதலாளி தீபாவளிக்குத்தான் புதுத்திரை மாட்டியிருந்தார். அது கிழிந்தால் அருணகிரியின் வேலையும் கிழிந்துவிடும். பழைய போஸ்டரிலிருந்து சக்கரவர்த்தியின் தலையை வெட்டி, புது போஸ்டர்மேல் ஒட்டினார்.

விளைவு, மேட்டினிக்கு மன்றமே மேளத்தோடு வந்துவிட்டது. ஒட்டுத் தலைக்கு மாலை போட்டு வேடியப்பன் தேங்காய் உடைத்தான். அருணகிரி தன் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

படம் ஓடியது. திரையில் வேணு வந்தார். விசில் இல்லை, கூச்சல் இல்லை. அரங்கமே உறைந்து கிடந்தது.

"என்னம்மா, மூச்சுச் சத்தம்கூட இல்லியே?"

"பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருக்காங்க சார். வெளிய வந்ததும்தான் இருக்குது."

கீழ்பென்னாத்தூர் டூரிங் டாக்கீஸில் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அருணகிரி வேன் பிடித்து ஓடினார். கெஞ்சிக் கூத்தாடிப் படப்பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தியேட்டர் வாசலில் மேட்டினியைவிட இரண்டு மடங்கு கூட்டம்.

"மேட்டினி விட்டதும் ஒருத்தரும் வாயத் தொறக்கல சார்," சரோஜாவின் முகம் வெளுத்திருந்தது. "வேக வேகமா போனாங்க. இப்ப ஊர்ப்பட்ட ஆளுங்களக் கூட்டிக்கினு வந்துட்டாங்க."

"பயப்படாதே. அவங்க ஆளையே காட்டிடறேன்."

மாலைக் காட்சி. திரையில் சக்கரவர்த்தி மீசையை முறுக்கியபடி இறங்கினார். அருணகிரி அன்று முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டார்.

முதலில் ஒரு செருப்பு பறந்தது. பிறகு சோடா பாட்டில். பிறகு, டர்ரென்று திரை கிழிந்தது.

டிக்கெட் கவுண்டருக்குள் பாய்ந்து மேஜைக்கடியில் பதுங்கினார் அருணகிரி. கதவு இரண்டு உதையில் திறந்துகொண்டது. வேடியப்பன் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"அடிக்காதப்பா! உங்க தலைவர் படம்தானே போட்டேன்!"

வேடியப்பனின் கண்கள் கலங்கியிருந்தன.

"மேட்டினி முடிஞ்ச கையோட மன்றத்த வேணு பேருக்கு மாத்திட்டு, சாதி சனத்தையெல்லாம் கூட்டியாந்தா, எவனோ ஒருத்தனக் காட்டி ஏமாத்தறீங்களே சார்!"