இரவல் கோட்டில் கவாகோயே போய்வந்தது

பெருமதிப்பிற்குரிய மோரிகசு மச்சான் அவர்களுக்கு,

மேப்பிள் இலைகள் சிவந்து, காலையில் விடும் மூச்சு கண்ணுக்குத் தெரிகிற இந்நாளில் தாங்களும் ஃபூமியோ அக்காவும் சுகமென நம்புகிறேன். தாங்கள் அன்போடு இரவல் தந்த சாம்பல் நிறக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி, சர்க்கரைவள்ளி மிட்டாய்ப் பெட்டி ஒன்றுடன் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருச் சங்கம் பஸ் வைத்துக் கவாகோயே போனதல்லவா, அங்கே நத்சுயே ஊறுகாய்க் கடைக்குள் புகுந்துவிட்டாள், உங்கள் தங்கை ஊறுகாய்க் கடையிலிருந்து எப்போது வெளியே வருவாள் என்பது உங்களுக்கே தெரியும். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் கறுப்புக் கிடங்குத் தெருவில் ஒரு மஞ்சள் கொடி நகர்ந்துகொண்டிருந்தது, எங்கள் வழிகாட்டியின் கொடியும் மஞ்சள், பின்னாலேயே போய்விட்டேன். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடிக்கும்போது விலாங்குமீன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் ஒரு முகம்கூடத் தெரியவில்லை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். எழுந்து சொல்லியிருக்கலாம்தான். ஆனா சோறு வந்துடுச்சு மச்சான், வராமப் போன எவனோ ஒருத்தனோட சோத்துப் பெட்டியை என் முன்னாடி வச்சுட்டாங்க, அந்த நேரத்துல நான் உங்க ஆளில்லைன்னு சொல்லி இருபது பேர் சாப்பாட்டை நிறுத்த மனசு வருமா. வாசனை வேற. முக்கால்வாசி உள்ளே போன பிறகுதான் கொடிக்காரப் பெண் எழுந்து, ஐம்பது வயதுக்கு மேல் துணை தேடி வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம் சொன்னாள்.

எதிரே குமகாய் என்ற அம்மா இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினார். வாங்கினால் பதிலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா, முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம், கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது, தலை தானாகக் குனிந்தது. இப்படி ஏழு பேரிடம். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"இங்க யாருக்குத்தான் ஒரு தடவை ஆகல," என்று அந்த அம்மா தன் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இது தன் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்டார். என்னை ஏன் கேட்டார் என்பது இன்றுவரை புரியவில்லை. சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நானும் தலையாட்டிவைத்தேன்.

மூன்று மணிக்கு எப்படியோ தப்பி எங்கள் பஸ்ஸைப் பிடித்தேன். நத்சுயே என்னை முகர்ந்து பார்த்தாள். "நம்ம கூட்டத்துக்கு மத்தியானம் நூடுல்ஸ்தான். விலாங்கு யார் கூட?"

உண்மையைச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள். வழியில் மச்சானைப் பார்த்தேன், அவர்தான் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை, உங்களைக் கேட்ட பிறகுதான் பேசுவாளாம். முப்பத்தோரு வருஷக் குடித்தனம் உங்கள் வாயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கவாகோயேயில்தான் இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குளிர் ஏறுகிறது, கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
தங்கள் தங்கை புருஷன் ஷிகெஹாரு

பி.கு.: கோட்டுப் பையில் இருந்ததைச் சலவைக்காரர் தனி உறையில் போட்டுத் தந்திருந்தார், இப்போதுதான் பிரித்தேன். மூன்று விசிட்டிங் கார்டு. மூன்றும் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையுடையவை. மற்ற ஏழும் எங்கே இருக்கின்றன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே நத்சுயே கேட்டால் கவாகோயேயில் இருந்ததாகச் சொல்லுங்கள், அக்கா கேட்டால் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை என்று சொல்லுங்கள். சனிக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டால் நல்லது.