ஃபேனை நிறுத்தி வால்வு பார்த்த சொட்டு அண்ணன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்களை விடவும் முகம் வெளுத்து நிற்கும் மனிதர்களைப் பார்க்க ஆசையா? கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் ரோட்டில், சொட்டு அண்ணனின் மெக்கானிக் கடைக்கு வந்தால் போதும்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஏரியாவில் யாருக்கும் தெரியாது. வால்வில் ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தாலும் வண்டியைத் தர மாட்டார், அதனால் சொட்டு. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் பத்திரிகையை நீட்டிக் கெஞ்சியபோது, "பொண்ணு வெயிட் பண்ணும்பா, வால்வு பண்ணாது" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையின் மேலேயே ஸ்பானரை வைத்தவர். மேடவாக்கத்து ஐ.டி. இளைஞர் ஒருவர் வண்டிக்காகக் கடை பெஞ்சில் லேப்டாப்போடு காத்திருந்து, அங்கேயே பதவி உயர்வும் வாங்கிவிட்டதாகப் பக்கத்து டீக்கடை அக்கா சத்தியம் செய்வார்.

அப்படிப்பட்டவரிடம் என் வண்டி மாட்டியது. என் மனைவி மலருக்கு பெரும்பாக்கத்தில் அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அவளுடைய ஹால் டிக்கெட்டைத் தொடவே பயம். அந்தச் சமயம் பார்த்து வண்டி சைலென்சரில் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது.

சொட்டு அண்ணன் கிக்கரை ஒரு மிதி மிதித்தார். "இன்னா தம்பி, வெண்ணெயில மிதிக்கிற மாதிரி போவுது. வால்வு எரிஞ்சி கீது. எக்ஸாமுக்கு மொத நாளே தந்துட்றேன், போ."

வால்வு என்பது என்ஜினுக்கு மூடி. அது உட்காரும் வளையம்தான் சீட். இரண்டும் ஒட்டி உட்காராவிட்டால், குக்கர் மூடி ஓரத்தில் ஆவி போகிற கதைதான். அண்ணன் வால்வின் முகத்தை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்கினார். சீட்டைக் கட்டரால் தானே செதுக்கினார். பிறகு இரண்டுக்கும் நடுவே மணல்போல் நறநறக்கும் அரைப்புப் பேஸ்ட் தடவி, ரப்பர் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, மோர் கடைவதுபோல் உள்ளங்கைகளால் உருட்டினார். கரகரவென்ற சத்தம் குறைந்து குறைந்து, பட்டுப்புடவை உரசுவதுபோல் ஆனது. எனக்குப் புல்லரித்தது.

அதற்கப்புறம்தான் வினை. வால்வுகள் உட்காரும் மேல் பாகமான என்ஜின் ஹெட்டைச் சாய்த்து வைத்து, புகை போகும் துளையில் பெட்ரோல் ஊற்றுவார். மறுபக்கம் வால்வு ஓரத்தில் ஈரம் தெரிகிறதா என்று மூக்கு உரசக் குனிந்து பார்ப்பார். அப்போது கடையில் ஃபேன் ஓடக்கூடாது. "காத்து பட்டா சொட்டு காஞ்சிடும், லீக்கு தெரியாம பூடும்" என்பது அவர் சட்டம்.

ஈரம் தெரிந்தது. மறுபடி உருட்டினார். மறுபடி ஈரம். தேர்வுக்கு முதல் நாள் கடந்தது. தேர்வு நாளும் விடிந்தது. ஹெட் இன்னும் மேஜையில் கிடந்தது. மேடவாக்கத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் வர மறுத்தார்கள். தண்ணி லாரிகளுக்கு நடுவே பைக்தான் நுழையும். மலரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்னி வெயில். ஃபேன் நின்றிருந்தது. அண்ணன் குனிந்திருந்தார்.

"அண்ணா, லீக்கோடயே மாட்டிக் குடுங்க. மதியம் எக்ஸாம்."

"வழில நின்னுட்சின்னா நீ தள்ளுவியா, அவங்க எழுதுவாங்களா? தோ பாரு, ஈரம்."

மலரும் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெட்ரோல் சட்டுனு காஞ்சிடும்னுதானே அண்ணா ஃபேனை நிறுத்துறீங்க?"

"ஆமாம்மா."

"இது காயவே மாட்டேங்குதே." விரலால் தொட்டு முகர்ந்தாள். "பெட்ரோல் வாசனையும் இல்லையே."

அப்போது அண்ணனின் நெற்றியிலிருந்து ஒரு துளி புறப்பட்டு, மூக்கு வழியாக இறங்கி, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் வால்வு ஓரத்தில் மிகச் சரியாக விழுந்தது.

டீ கொடுக்க வந்திருந்த டீக்கடை அக்காதான் முதலில் வாய் திறந்தார். "அடப்பாவி. வேர்வைக்கா ரெண்டு நாளா அரைச்சிகினு இருந்த?"

அண்ணன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். ஹெட்டைத் துடைத்து மறுபடி பெட்ரோல் ஊற்றினார். வால்வு ஓரம் சருகாய்க் காய்ந்து கிடந்தது. பிறகு அந்தக் கைகள் ஓடிய வேகம் இருக்கிறதே, போல்ட்டுகள் தாமாகவே போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஒரே மிதி. வண்டி கர்ஜித்தது. நான் அழுதே விட்டேன்.

லாரிகளுக்கு நடுவே பறந்தோம். என் பக்கத்தில் தன் மொபெட்டில் அண்ணன், காதை என் என்ஜின் பக்கம் சாய்த்தபடி. தேர்வு மையத்தின் கேட்டை மூடக் கையை வைத்த காவலாளியின் தோளுக்குக் கீழே புகுந்து மலர் உள்ளே ஓடினாள்.

"வால்வைத் தட்டுற டேப்பெட் சத்தம் கொஞ்சம் கீது தம்பி. சூட்டுல தொடக்கூடாது. என்ஜின் ஆறட்டும், சரி பண்ணிட்டுப் போறேன்" என்று வேப்பமர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

என்ஜின் ஆறியது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றே ஆகிவிட்டது. சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்பானரை எடுக்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர் சிரித்துக்கொண்டே வெளியே வந்த பிறகுதான், அந்த மனிதர் வண்டிப் பக்கமே திரும்பினார்.