தினமும் ரெண்டு வேளை, டாக்டர்

டாக்டர்கள் எந்த நோய்க்கும் பயப்படுவதில்லை. அவர்கள் பயப்படுவது "ஒழுங்காப் பண்றேன் டாக்டர்" என்னும் மனித இனத்துக்கு. இந்த இனம் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு என்றாலும், முழு அழகோடு பார்க்க வேண்டுமானால் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பவர்தான் அவர்.

அப்படி ஒருவர் எனக்குச் சகலையாக வாய்த்திருக்கிறார். பேருந்து ஓட்டுகிறார். இரண்டு வருடமாக இமைகள் வீங்கிச் சிவந்து, காலையில் பீளை ஒட்டிக் கண்ணைத் திறக்க முடியாமல், திறந்தால் மண் விழுந்ததுபோல் உறுத்தி, எதிரே வரும் லாரி ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்த பிறகுதான், என்னையும் இழுத்துக்கொண்டு கண் டாக்டரம்மாவிடம் போனார்.

"இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கிற துவாரமெல்லாம் அடைச்சிருக்கு. அதான் கண்ணு காயுது."

"காயுதா? கொட்டோ கொட்டுன்னு கொட்டுது டாக்டர்!"

"காயறதாலதான் கொட்டுது."

இந்த அம்மாவுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள் என்பதுபோல் சகலை என்னைப் பார்த்தார்.

ஆனால் சிகிச்சை அவரை மயக்கிவிட்டது. மூடிய கண்ணுக்கு மேல் இதமான சூடு கொடுத்து, பிறகு சின்னக் கருவியால் இமையை அழுத்த, உறைந்த எண்ணெய் பற்பசைபோல் பிதுங்கி வந்தது. சுழலும் பஞ்சால் இமையோரத்தையும் சுத்தம் செய்தார்கள். மறுநாளிலிருந்து சகலைதான் கண் டாக்டர். டிப்போவில் கண்டக்டர், மெக்கானிக், வாசல் காவலாளி ஒருவரையும் விடவில்லை. எல்லாருடைய இமையையும் தூக்கிப் பார்த்து, "அடைச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதில் அவர் மறந்தது ஒன்றே ஒன்று: வீட்டில் தினமும் இரண்டு வேளை வெந்நீர்த் துணி ஒற்றடம், இமையை நீவிவிடுதல், சுத்தம் செய்தல். இது அவருக்கு எதற்கு?

"மெஷின் வச்சே எடுத்தாச்சு. இதுக்கு மேல துணி வந்து என்ன கிழிக்கப் போகுது?"

துணி கொடியிலேயே கிடந்தது. மூன்றாவது வாரம் கண் பழையபடி மங்கியது. டிப்போ மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கைப்பட எழுதித் தந்தால்தான் இனி ஸ்டியரிங். இருபது வருடம் ஓட்டிய மனிதர் அன்று சாப்பிடவே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறுபரிசோதனை நாள் வந்தது. விடியற்காலையிலேயே எழுந்து, ஒரு மாத ஒற்றடத்தையும் ஒரே மூச்சில் கொடுத்து, இமைகளைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்திருக்கிறார். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்" என்றாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரிக்கு அவர் கொண்டுவந்தது கண்களை அல்ல, இரண்டு தக்காளிகளை. துணைக்கு அவர் மனைவியும் நானும் உள்ளே போனோம்.

"ஒத்தடம் குடுத்தீங்களா?"

"தினமும் ரெண்டு வேளை, டாக்டர்!"

"நீவிவிட்டீங்களா?"

"அதுவும்தான்! ஒரு நாள் விட்டதில்ல."

டாக்டரம்மா இன்னொரு முறை பார்த்தார். பேனாவை மூடினார்.

"எல்லாம் ஒழுங்காப் பண்ணியும் கண்ணு இப்படி இருக்குன்னா, இந்தச் சிகிச்சை உங்களுக்குக் கேக்கலைன்னு அர்த்தம். பஸ் ஓட்டலாம்னு நான் எழுதித் தர முடியாது. ஆபீஸ்ல வேற வேலை கேட்டுக்கோங்க. பண்ணாம விட்டிருந்தாலாவது, ஒரு மாசம் பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்னு சொல்லுவேன்."

சகலை மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

"டாக்டர்... நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப் போயிருக்கலாம்."

"எத்தனை நாள்?"

"இருபத்தொம்பது."

"மாசத்துக்கே முப்பதுதானே?"

"இன்னிக்குப் பண்ணிட்டேனே டாக்டர்!"

இப்போது ஒரு மாதமாக டிப்போவில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டும் பஸ் வந்து போகும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார். ஒற்றடமும் ஒழுங்காக நடக்கிறது. மனைவி பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்கும் ஏதோ ஒரு டாக்டர், ஏதோ ஒன்றுக்கு, தினமும் செய்யச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாரே, அதில் இருப்பதைச் செய்கிறீர்களா என்று நான் கேட்கமாட்டேன். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். அந்தச் சீட்டு இப்போது எங்கே இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.