வலப்பக்கம் போன ஆறு அம்புகள் தொடர்பாக

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்றால், என் வலது கட்டைவிரலில் ஒரு தீக்கொப்புளம் இருக்கிறது, உன் அம்மா என்னோடு ஒன்பது நாளாகப் பேசுவதில்லை (கேஸ் தீர்ந்தது, தபால் வந்தது போன்றவை நீங்கலாக). இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நலம். நீ கழிக்க ஒன்றுமில்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், நீ "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். இரண்டு வருஷமாக நாம் பேசியது மொத்தமும் இதுதான். முப்பத்துநான்கு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். எதையும் தேதி போட்டு, பொருள் என்ன என்று மேலே எழுதி, பிறகு விவரத்துக்கு வந்தால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். பொருள் மேலே இருக்கிறது. விவரம் கீழே.

உன் வில் உன் அறைச் சுவரில் நாண் கழற்றியபடி தொங்குகிறது. வாரம் ஒரு முறை தூசி துடைக்கிறேன். அந்தப் போட்டியில் உன் ஆறு அம்பும் குறியைத் தாண்டி வலப்பக்கமே போன பிறகு நீ அதை அங்கே மாட்டினாய். இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்து ஊர் மாறினாய். வில்லையும் எடுத்துப் போகவில்லை, நீயும் ஒரு நாள்கூட வந்து தங்கவில்லை. போன மாதம் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்பறாத்தூணியில் இருக்கிற பழைய ஆறு அம்பைப் பார்த்தால் உனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். புதிதாகப் பன்னிரண்டு அம்பு செய்து பக்கத்தில் வைத்துவிட்டால், நீ என்றைக்காவது வரும்போது கை தானாக வில்லுக்குப் போகும் அல்லவா? உன் அம்மாவிடம் சொன்னேன். "செய்யுங்க, ஆனா வீட்டுக்குள்ள செய்யாதீங்க" என்றாள். அந்த இரண்டாவது பாதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மரக்கடைக்குப் போனேன். கடையை நடத்துவது உன் வயசுப் பெண், காதில் பென்சில், கையில் மீட்டர் கோல். அந்தக் கோலைப் பார்த்ததும் என் கண் அதன் முனைக்குப் போய்விட்டது. என்ன செய்வது, முப்பத்துநான்கு வருஷம்.

"இந்தக் கோல் முனை தேஞ்சிருக்கேம்மா. ரெண்டு மில்லிமீட்டர் குறையுது."

"சார், மரம் வாங்க வந்தீங்களா, கடைய மூட வந்தீங்களா?"

"நான் ரிட்டையர் ஆயிட்டேன்."

"அப்போ கோலக் கீழ வச்சுட்டு மரத்தப் பாருங்க."

பார்த்தேன். அம்புக்கான வெறும் தண்டுகள், இறகும் முனையும் வைப்பதற்கு முன் இருக்கிற உருட்டுக் கம்புகள், ஒரு டிரம் நிறைய இருந்தன. பளபளவென்று இருந்த நாற்பதைப் பொறுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முப்பத்துமூன்றை டிரம்மில் திருப்பிப் போட்டாள். "இதப் பாருங்க சார், இந்த ரேகை பாதியிலயே பக்கவாட்டுல இறங்கிடுது. வில்ல இழுத்து விட்டா இங்கதான் ஒடையும். ஒடைஞ்சா வில்லப் பிடிச்சிருக்கிற கையில ஏறும். அழகு பார்க்காதீங்க. இந்த முனையில ஆரம்பிச்ச கோடு அந்த முனை வரைக்கும் போகுதான்னு மட்டும் பாருங்க." ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மதியம் வரை பார்த்தேன். கண்ணாடி மேசையில் உருட்டி, தத்திக்கொண்டு ஓடுவதை ஒதுக்கி, வழுக்கிக்கொண்டு ஓடுவதை வைத்துக்கொண்டேன். இடையில் ஒருவர் என்னைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்துக் கதவுக்குக் கீல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், இரண்டு அளவிலும் காட்டினேன், திருப்தியாகப் போனார். முப்பது தண்டு தேறியது. கட்டும்போது அந்தப் பெண், "யாருக்கு சார்?" என்றாள். "என் பொண்ணுக்கு." "எவ்வளவு தூரம் இழுப்பாங்க? நீளம் வெட்டணுமே." எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள கோல் எல்லாம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தவனுக்குப் பெற்ற பெண்ணின் கை எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்து, நீ விட்டுப்போன நீலச் சட்டையின் கையை அளந்துகொண்டிருந்தேன். உன் அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க, அவ அம்பே அங்க தொங்குதே, அத அளந்தா போதாதா?" என்றாள். போதும்தான். ஆனாலும் சட்டையை மடித்து வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்தது எடை. எல்லா அம்பும் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். சமையலறைத் தராசை எடுத்தேன். சரிபார்க்காத தராசில் நான் எதையும் நிறுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். என்னிடம் உள்ள படிக்கற்களை வைத்துப் பார்த்தால் அது பதினொரு கிராம் தப்பு. இதை நான் எனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். "பதினாறு வருஷமா நீ எல்லாத்தையும் தப்பா அளந்து போட்டுச் சமைச்சிருக்கே" என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஒன்பது நாள் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு வளைவுச் சோதனை. தண்டை இரண்டு ஆணிகளின் மேல் படுக்க வைத்து, நடுவில் தொள்ளாயிரத்து ஏழு கிராம் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். அந்த வில்லுக்கு எவ்வளவு தொய்ய வேண்டுமோ அவ்வளவு தொய்கிற தண்டுதான் நேராகப் போகும். ஆணி அடிக்கச் சாப்பாட்டு மேசையை விட்டால் சமதளமான இடம் வீட்டில் இல்லை. ஆகவே நாங்கள் நான்கு நாள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு நூல் அறுந்து எடைக்கற்கள் தரையில் விழுந்தன. கீழ்வீட்டுப் பல் டாக்டர் கையுறையோடு மாடி ஏறி வந்தார். "சார், நான் ஒருத்தர் கடவாப்பல்லப் பிடிச்சிட்டிருக்கேன். மேல இருந்து 'டம்'முனு ஒரு சத்தம். அவர் தன் மண்டைக்குள்ளதான் ஏதோ விழுந்துடுச்சுன்னு எழுந்து ஓடிட்டார்." மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்கிறேன் என்று விளக்கினேன். அவர் கோபத்தை மறந்து மூன்று தண்டுகளின் தொய்வை அவரே படித்துச் சொல்லிவிட்டுப் போனார். கை நடுங்காத மனிதர். அந்த நோயாளி இன்னும் திரும்பி வரவில்லையாம்.

முப்பதில் பதின்மூன்று ஒரே மாதிரி தொய்ந்தன: பதினாலரை மில்லிமீட்டர், கூடக் குறைய அரை. லேசாகக் கோணியிருந்தவற்றைக் கெண்டியின் ஆவியில் காட்டி, கையால் நிமிர்த்தி, ஆறும் வரை பிடித்திருந்தேன் (கொப்புளம்). இவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தண்டைத் தடவினால் கைக்கு லேசாகச் சொரசொரத்தது. உனக்குக் கொடுக்கிற பொருள் அப்படி இருக்கலாமா என்று ஒன்றை மட்டும் எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க அழகு கூடிக்கொண்டே போயிற்று. முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், மறுபடி எடையைத் தொங்கவிட்டேன். பதினெட்டு மில்லிமீட்டர். கருவியில் கோளாறு என்று ஆணியைச் சோதித்தேன், நூலைச் சோதித்தேன், கற்களைச் சோதித்தேன். எங்கள் துறையில் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்போம், மனிதன் அப்புறம்தான். மரக்கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"கொஞ்சம்தான்மா தேய்ச்சேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"ஒரு மூணு மணி நேரம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "சார், தண்டு மயிரிழை மெலிஞ்சாலே வளைவு ஏகத்துக்கும் கூடிடும். அப்படி வளையற அம்பு, வலது கையால இழுக்கறவங்களுக்கு, வலப்பக்கமா ஓடிடும். எல்லாமே ஓடும். எய்யறவங்க மேல தப்பே இருக்காது."

போனை வைத்துவிட்டு உன் அறைக்குப் போனேன். உன் பழைய ஆறு அம்புகளையும் எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். பதினெட்டு, பதினெட்டரை, பதினெட்டு, பதினேழரை, பத்தொன்பது, பதினெட்டு. உன் கட்டிலுக்கு அடியில் அவற்றோடு சேர்ந்த ஏழாவது அம்பு ஒன்று கிடந்தது, யாரும் தொடாதது. அது பதினாலரை.

இப்போது சொல்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் நீ ஆபீஸ் போயிருந்தபோது உன் அம்புகளை எடுத்துத் தேய்த்து பாலிஷ் போட்டவன் நான். உனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், மறுநாள் எடுத்துப் பார்த்து நீ அசந்து போக வேண்டும் என்று ஆசை. மறுநாள் நீ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலிஷ் நன்றாக இருக்கிறதா என்பதுதான் அன்று முழுவதும் என் கவலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, உன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தபடி, "என் கை போயிடுச்சுப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருந்தால் நல்லது. "பிராக்டிஸ் பத்தலம்மா" என்றேன். அடுத்தவர் தராசில் ஐந்து கிராம் குறைந்தால் சீல் வைக்கிறவன், என் கையால் மூன்றரை மில்லிமீட்டர் கெடுத்துவிட்டு உன்னைக் குறை சொன்னேன்.

உன் கை எங்கும் போகவில்லை, பாப்பா. இதை எழுத்தில் தருகிறேன். வேண்டுமானால் பல் டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். புது அம்பு பன்னிரண்டு தயார். நாண் உட்காரும் பள்ளத்தை ரேகைக்குக் குறுக்காகத்தான் வெட்டியிருக்கிறேன், இறகு ஒட்டியிருக்கிறேன், பாலிஷ் இல்லை. உப்புத்தாளை உன் அம்மா எங்கோ ஒளித்துவிட்டாள், நானும் தேடவில்லை. நீ ஒரு தடவை வா. வந்து ஒரே ஒரு அம்பு எய்து பார். அது எங்கே போனாலும் சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். இரண்டு வருஷமாக உன் அறைக் கதவைக் காலையில் திறந்து வைக்கிறேன், சாயங்காலம் சாத்துகிறேன். காற்று போக வேண்டுமே என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் குறையாத எடையோடும் சரியான அளவோடும் கைகூட வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் இதை உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் ஒன்பது நாள் மௌனத்தை விட்டாள். "ஏங்க, இது அவளுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அன்னிக்குக் காலையில அம்பக் கையில எடுத்ததுமே கண்டுபிடிச்சிட்டா. கோச் வேற அம்பு தரேன்னாராம், வேண்டாம்னுட்டாளாம். 'அப்பா உட்கார்ந்து பண்ணியிருக்காரும்மா, இதுல எய்யாம வந்தா அவர் மொகம் சுருங்கிப் போயிடும்'னா. கை போயிடுச்சுன்னு சொன்னதுகூட உங்களுக்காகத்தான்." அது மட்டுமில்லை. நீ அங்கே போன முதல் வாரமே ஒரு வில் சங்கத்தில் சேர்ந்துவிட்டாயாம், ஞாயிறு தவறாமல் சங்கத்து வில்லில் எய்கிறாயாம், போன வருஷம் ஒரு கோப்பைகூட வாங்கினாயாம். கோப்பையின் படம் உன் அம்மாவின் போனில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். "எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க ஒத்தாசை பண்ணக் கெளம்பிடுவீங்கன்னு அவளுக்குப் பயம்" என்றாள்.

ஆகவே மேற்கண்ட பக்கங்கள் அனைத்தும் ரத்து. நீ வர வேண்டாம். நான் வரலாமா? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெறுங்கையோடு வருகிறேன், பஸ் ஏற்றுவதற்கு முன் என் பையைச் சோதித்து அனுப்புவதாக உன் அம்மா உறுதி தந்திருக்கிறாள். மைதானத்துக்குள்கூட வர மாட்டேன், வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். நீ என்னைப் பார்த்துக் கை அசைக்க வேண்டாம், குறி தவறிவிடும்.