டாக்டர் க்ரோலின் ஊதாக் கண்ணாடி

பிப்ரவரிக் குளிருக்குப் பயந்து வகுப்புக்கே வராதவர்களெல்லாம் அன்று மாணவர் கூடத்தில் முண்டியடித்தார்கள். டாக்டர் க்ரோல் வந்திருக்கிறார்! எழுத்துகளைக் குழப்பிப் படிக்க விடாத டிஸ்லெக்சியாவை ஏழே நிமிடத்தில் ஓட ஓட விரட்டுகிறவர்! எதில் டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாகப் பீட்சா போடுகிறவரிடம் அப்படிக் கேட்பது மினசோட்டாவில் மரியாதை இல்லை.

வரிசையில் இங்கிரிட்டும் நின்றாள். நர்சிங் இரண்டாம் ஆண்டு. எழுத்துகள் அவளுக்கு ஒருநாளும் ஒழுங்காக நின்றுகொடுத்ததில்லை. கையில் ஒரு கடிதம். தேர்வில் ஒன்றரை மடங்கு நேரமும் தனி அறையும் தரச் சொல்லிப் பல்கலைக்கழகம் கொடுத்தது. "இனி இது எனக்கு வேண்டாம்" என்று அதன் பின்பக்கம் கையெழுத்திட்டு டாக்டர் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டுமாம். அன்று மாலையே பெட்டி பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்விடும். அப்போதுதான் டாக்டர் விற்கும் முந்நூறு டாலர் ஊதாக் கண்ணாடி வேலை செய்யும். "அந்தக் காகிதம்தான் உங்க வியாதி!" இது டாக்டரின் அருள்வாக்கு.

"வெள்ளிக்கிழம அனாட்டமி பரீட்சைடி," என்றாள் அறைத்தோழி மைஸீ. "அந்தக் கூடுதல் நேரம் இல்லாம எழுதினா சீட்டே போயிடும். புத்தி கெட்டுப்போச்சா?"

"நீ ஈஸியா சொல்லுவ. தனி ரூமுக்கு எந்திரிச்சுப் போறப்ப எல்லாரும் ஒரு பார்வ பாப்பாங்களே, அத வாங்கிருக்கியா? ஒரு நாளாச்சும் எல்லாரையும் மாதிரி இருக்கணும்டி."

கையெழுத்திட்டாள். கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.

மேடையில் ஐஸ் ஹாக்கி வீரன் ப்யோர்ன் ஒரு பக்கத்தைத் திக்கித் திணறிப் படித்தான். "பக்கம் பயந்திருக்கு" என்று டாக்டர் அதைத் தடவிக்கொடுத்து, தானே நிறுத்தி நிதானமாக இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டினார். ப்யோர்ன் மடமடவென்று ஒப்பித்தான்! கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அடுத்து இங்கிரிட். வேறு பக்கம், அதே திணறல், அதே தடவல், டாக்டரின் அதே இரண்டு முறை வாசிப்பு. கண்ணாடி ஏறியதும் வார்த்தைகள் கொட்டின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஏதோ உறுத்தியது. கண் முதல் வரியில் இருக்கிறது, வாய் மூன்றாம் வரிக்குப் போய்விட்டதே?

இரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. டீச்சர் படிப்பதைக் காதால் பிடித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கி "வாசித்து", ஒரு வருடம் முழுக்க எல்லோரையும் ஏமாற்றியவள் அவள். ஊதாக் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லக் கண்ணை மூடினாள். வாய் நிற்கவில்லை. கடைசி வார்த்தை வரை வந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"டாக்டர், பாதிக்கு மேல நான் கண்ண மூடிட்டுத்தான் படிச்சேன்."

க்ரோல் சளைக்கவில்லை. "பாத்தீங்களா! கண்ணே தேவையில்ல! அதான் கண்ணாடியோட சக்தி!"

இதற்கும் பாதிக் கூட்டம் கைதட்டியது. என்ன செய்ய!

மைஸீ ஒரு பீட்சா அட்டைப்பெட்டியை ப்யோர்னிடம் நீட்டினாள். "இத யாரும் உனக்குப் படிச்சுக் காட்டல. இப்ப படி பாப்போம்."

கண்ணாடி மாட்டிய ப்யோர்ன் முதல் வார்த்தையிலேயே முட்டிக்கொண்டு நின்றான். மூன்று முறை முயன்றான். காது சிவந்தது.

"நம்பிக்கை இல்லாதவங்க முன்னாடி கண்ணாடி வேலை செய்யாது," என்ற டாக்டர் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கவாசல் வழியாகப் பனியில் இறங்கி மறைந்தார்.

கூட்டம் கடிதப் பெட்டியைக் கவிழ்த்தது. ஒரே மாதிரி நாற்பது கடிதங்கள். அவரவர் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் எல்லோரும் தத்தளித்தார்கள். இங்கிரிட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு வெட்கமாகவே இல்லை.

"மெதுவா தேடுங்கப்பா," என்றாள். "நமக்குத்தான் ஒன்றரை மடங்கு நேரம் இருக்கே!"

கூடம் சிரித்தது. ஒரு மூலை மட்டும் சிரிக்கவில்லை. சரளமாகப் படிக்கத் தெரிந்தும் கண்ணாடியை நம்பி வாங்கிய சில பெற்றோரும் இரண்டு பேராசிரியர்களும் முந்நூறு டாலர் ரசீதோடு அங்கே நின்றார்கள். எழுத்து தடுமாறினால் கூடுதல் நேரம் கேட்டு வாங்கலாம். யோசிக்கவே மறுக்கிறவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகம் கடிதம் கொடுக்கும்?